ஒரு காது பாக்கி

திருவண்ணாமலை
5.2.2025

இனியா,

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று நீ யோசிக்க வேண்டியதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை தட்டில் வைத்து, மஞ்சள் குங்குமம் தடவி, தாய்மாமன் சீர் என்று ஊர் பார்க்கக் கொண்டுவந்தாயே, அந்தக் கேமராதான். தோள்வார், அதோடு வந்த லென்ஸ், சார்ஜர், மூடி எல்லாம் இருக்கிறது. சரிபார்த்துக்கொள்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. என் எண்ணை பிளாக் செய்துவிட்டாய். குடும்பக் குழுவிலிருந்தும் வெளியேறிவிட்டாய். என் வீட்டுக்காரர், உன் மாமா, தன் போனில் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. உன்னைத் திட்டியது நான், அந்த மனுஷன் உனக்கு என்ன செய்தார்? கடைசியில் கூரியர்காரர் ஒருவர்தான் மிச்சம் இருக்கிறார். அவரையும் திருப்பி அனுப்பிவிடாதே.

நடந்ததை ஓசூரில் உன் நண்பர்களிடம் எப்படிச் சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். 'காதுகுத்துக்குச் சீர் எடுத்துக்கொண்டு போனேன், அக்கா எழுந்து போகச் சொல்லிவிட்டாள்.' சொன்னேன், மறுக்கவில்லை. ஆனால் சொல்கிறவன் முழுசாகச் சொல்ல வேண்டும்.

தீபாவளிக்குப் பேச ஆரம்பித்தோம். என் பழைய பாடியில் ஷட்டர் திணறுகிறது, புதிது வாங்க வேண்டும் என்றேன். லென்ஸைக் கழற்றிவிட்டால் மிச்சம் இருக்கும் கேமராவுக்குப் பெயர் பாடி என்று என் மாமியாருக்கு விளக்க வேண்டியிருந்தது. "நல்ல நாள்ல ஊட்டுக்குள்ள பாடி பாடின்னு இன்னா பேச்சு"னு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் கேட்டது படம் பதிகிற சென்சார் சின்னதாக உள்ள, கைக்கு அடக்கமான ஒன்று. பூச்சியைக் கிட்டத்தில் எடுக்கிற என் மேக்ரோ லென்ஸ் அதில் நேராக உட்காரும். திரையை மேல்பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளலாம், தரையோடு ஊரும் பூச்சியைக் குந்தியபடியே எடுக்கலாம். உன் மாமா எல்லாவற்றுக்கும் பொதுவாக நடுத்தரமாக ஒன்று போதும் என்றார். நீ பெரிய சென்சார், ஃபுல் ஃப்ரேம் என்று குதித்தாய். மூன்றையும் அலசிப் பிழிந்து, பொங்கலன்று நீயே சொன்னாய்: "சரிக்கா, நீ கேட்டதே இருக்கட்டும். சீரா நானே எடுத்துனு வரேன்." சொல்லிவிட்டு என் பழைய பாடியையும் வாங்கிக்கொண்டு போனாய். சென்சாரைத் துடைத்துத் தருகிறேன் என்றாய்.

நீ துடைத்தது என்னை. அதைக் கடையில் எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுத்துவிட்டு, நான் வேண்டாம் வேண்டாம் என்ற அதே பெரிய பூதத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாய். அதுவும் அத்தனை பேர் நடுவில், தட்டில். அங்கே நான் என்ன சொல்ல முடியும்? சிரித்தேன். சிரித்தது தப்பு.

மொட்டை அடித்துச் சந்தனம் பூசின தலையோடு கவிநிலா கோயில் மண்டபத்தில் உன் மடியில் உட்கார்ந்தாள். கேமராவை என் கையில் திணித்து "நீ எடுக்கா" என்றாய். அதை நான் அதற்கு முன் தொட்டதில்லை. ஆசாரி இடது காதைப் பிடித்தார். அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. குழந்தை வீறிட்ட பிறகு 'டக்' என்றது. அந்தப் படத்தில் ஆசாரியின் முதுகு இருக்கிறது. ஓரத்தில் பக்கத்து வீட்டு மணிமொழி சொம்போடு நிற்கிறாள். குழந்தை இல்லை.

"எடுத்தியா?"

"இல்லடா, இது இன்னாமோ..."

"ஒரே ஒரு வேல சொன்னேன். அதுகூட ஆவலியா?"

"இது யாருக்கு வாங்கின? எனக்கா, உனக்கா?"

"உனக்குப் பூச்சிய எடுக்கத்தான் தெரியும். பெத்த புள்ளைய எடுக்கத் தெரியாது."

என் மாமனார் வீட்டார் அத்தனை பேரும் இருந்தார்கள், இனியா. எல்லோர் காதிலும் அது விழுந்தது. நான் "எழுந்து போடா" என்றேன். நீயும் குழந்தையை உன் மாமா கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டாய். ஆசாரி இரண்டாவது கம்மலைக் கையில் வைத்துக்கொண்டு யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்து கேமராவை நோண்டினேன். இரண்டு வினாடி டைமர் போட்டிருக்கிறது. அன்று விடியற்காலையில் ஸ்டாண்டு போட்டு மலையை எடுத்திருக்கிறாய், படம் உள்ளேயே இருக்கிறது. விரல் பட்டால் ஆடிவிடும் என்று வைத்த டைமர். மலை எங்கேயும் போகாது, இரண்டு வினாடி காத்திருக்கும். காது குத்துகிற ஊசி காத்திருக்குமா? அணைக்க மறந்தவன் நீ, ஏச்சு வாங்கியவள் நான். அதை மாற்றாமல் அப்படியே அனுப்புகிறேன். ஆன் செய்து நீயே பார்த்துக்கொள்.

கவிநிலாவின் இடது காதில் கம்மல் இருக்கிறது. வலது காது மூளியாக இருக்கிறது. தாய்மாமன் பாதியில் எழுந்து போன கதையை என் மாமியார் பால்காரர் வரைக்கும் சொல்லி முடித்துவிட்டார்.

தென்றல்

*

ஓசூர்
9.2.2025

அக்கா,

பெட்டி வந்தது. திருப்பி அனுப்பியாகிவிட்டது. சீராகக் கொடுத்ததைத் திரும்ப வாங்குகிற பழக்கம் நம் வீட்டில் கிடையாது. உன் மாமியார் வீட்டில் உண்டென்றால் அவர்களுக்கே கொடுத்துவிடு.

டைமர் இருந்தது, ஆமாம். எத்தனை வருஷமாக கேமரா பிடிக்கிறாய்? திரையில் கடிகாரப் படம் இருப்பது உன் கண்ணுக்குத் தெரியவில்லையா? எறும்பின் மீசையில் ஒட்டியிருக்கும் மகரந்தம் தெரிகிறது, அது தெரியவில்லை. சரி, அணைக்காதது என் தப்பு. அதற்காக மணையில் குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் தாய்மாமனை எழுந்து போடா என்பாயா? நம் சொந்தத்தில் யாராவது யாரையாவது அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறாயா?

ஏன் மாற்றினேன் என்று நீ கேட்கவே இல்லை. நீயே முடிவு செய்து கடிதமும் எழுதிவிட்டாய். இப்போது படி.

உங்கள் குலதெய்வக் கோயில் மண்டபம் பகலிலேயே இருட்டு. ஃபிளாஷ் போட்டால் குழந்தை மிரண்டுவிடும் என்று சொன்னவள் நீ. சின்ன சென்சாரில் அந்த இருட்டில் எடுத்தால் படம் முழுக்க ரவை தூவின மாதிரி இருக்கும். இது அப்படியில்லை. வெளிச்சம் கம்மியாக இருந்தாலும் முகம் முகமாக விழும். குழந்தை தலையை ஆட்டினாலும் இதன் ஃபோகஸ் கண்ணைத் தேடிப் பிடித்துக்கொண்டு கூடவே போகும். கடையில் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு அரை நாள் நின்றேன். கடைக்காரர் மகன் அங்கே ஓடிக்கொண்டிருந்தான், அவனை இரண்டிலும் எடுத்துப் பார்த்தேன். நீ கேட்டதில் பாதிப் படம் மங்கல். இதில் ஒன்றுகூடத் தப்பவில்லை. உன்னிடம் சொல்லியிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாய், அதனால் சொல்லவில்லை. என் அக்காவுக்குப் பூச்சி மட்டும்தான் இருக்கிறதா, ஒரு பெண் குழந்தை இல்லையா என்று நினைத்தேன். அதைத்தான் அன்றைக்கும் வாய்விட்டுச் சொன்னேன். சபையில் சொன்னது தப்பாக இருக்கலாம். சொன்னது தப்பில்லை.

உன் வீட்டு ஹாலில் ஒரே ஒரு பெரிய படம் மாட்டியிருக்கிறாய். எட்டுக் கண்ணோடு ஒரு சிலந்தி. வீட்டுக்குள் நுழைகிறவனை வாடா என்று கேட்பது அதுதான். அந்த வீட்டில் நான் இருக்கிற படம் ஒன்றே ஒன்று காட்டு. உன் கல்யாண ஆல்பத்தில் பந்தியில் சாம்பார் ஊற்றும் என் கை இருக்கிறது. முகம் இல்லை. கவிநிலா பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடிவந்தவன் நான். அதிலும் இல்லை.

இங்கே என் ரூமில் சுவர் காலியாக இருக்கிறது. அவளை மடியில் வைத்து ஒரு படம் எடுத்து அதில் மாட்ட வேண்டும் என்று இருந்தேன். தாய்மாமன் மடி ஒரு தடவைதான், அக்கா. திரும்ப உட்கார்ந்து திரும்ப எடுக்கிற விஷயம் இல்லை அது. அதற்காகத்தான் அந்தப் பூதம். இப்போது உனக்குத் தெரிந்துவிட்டது, உட்கார்ந்து கேலி செய்.

எழுந்து போடா என்று சொன்ன வாய் வாடா என்று சொல்லும்வரை நான் வருவதாக இல்லை.

இனியன்

*

திருவண்ணாமலை
14.2.2025

இனியா,

பௌர்ணமிக் கூட்டத்தில் எங்கள் தெருவுக்குள் சைக்கிள்கூட நுழைய முடியவில்லை. கிரிவலம் போனவர்கள் கலைந்து, பஸ் எல்லாம் பழைய வழிக்குத் திரும்பின பிறகுதான் உன் பெட்டி வந்தது. பிரிக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். அங்கேயே கிடக்கட்டும்.

கேலி செய் என்று எழுதியிருந்தாய். செய்யவில்லை. ஆனால் எனக்கும் சொல்ல இருக்கிறது, நீயும் ஒரு தடவை முழுசாகக் கேள்.

பெரிய சென்சார் உசத்தி என்று உனக்கு யாரோ மண்டையில் ஏற்றிவிட்டார்கள். மலைக்கு உசத்தி, முகத்துக்கு உசத்தி, ஒத்துக்கொள்கிறேன். பூச்சிக்கு அது வம்பு. படச் சட்டத்துக்குள் எறும்பு அதே அளவு தெரிய வேண்டும் என்றால் பெரிய சென்சாரில் தெளிவு இன்னும் மெல்லிசாகிவிடும். கண் தெளிவாக இருந்தால் கொம்பு மங்கும், கொம்பைப் பிடித்தால் கண் போய்விடும். என் லென்ஸ் அதில் உட்காராது, நடுவில் அடாப்டர் போட வேண்டும். திரை திரும்பாது. அடி அண்ணாமலைக்குப் பின்னால் அந்தப் புதர்க்காட்டில் நான் முகத்தைப் புழுதியில் வைத்துக்கொண்டு படுத்தால்தான் என்ன எடுக்கிறேன் என்று தெரியும். ஏற்கனவே ஆடு மேய்க்கிறவர்கள் "டீச்சருக்கு இன்னாச்சி, வுழுந்துட்டாங்களா"னு ஓடிவருகிறார்கள். இதையெல்லாம் தீபாவளியிலிருந்து சொன்னேன். நீ ம் ம் என்றாய்.

உனக்கு அது வெறும் பூச்சி. வாரத்தில் ஆறு நாள் பள்ளிக்கூடத்தில் கத்துகிறேன், வீட்டுக்கு வந்து அடுப்பிடம் நிற்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெயில் ஏறுவதற்குள் அந்தப் புதரில் இருக்கிற கொஞ்ச நேரம் நான் யாருக்கும் டீச்சர் இல்லை, மருமகள் இல்லை, அம்மாகூட இல்லை. என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள். ஒரு சிலந்தி என்னைத் திரும்பிப் பார்த்து, இவளால் ஆபத்தில்லை என்று மறுபடி தன் வேலையைப் பார்க்கும். அந்த மரியாதையை எனக்கு வேறு யாரும் தருவதில்லை. நீ எக்ஸ்சேஞ்சில் கொடுத்தது அந்த ஞாயிற்றுக்கிழமையை. பொங்கலிலிருந்து வாராவாரம் எழுந்து, வெறுங்கையைப் பார்த்துவிட்டு, மறுபடி படுத்துக்கொள்கிறேன். பெற்ற பிள்ளையை எடுக்கத் தெரியாது என்றாய். அவளோடு இருக்கிற நேரத்தில் அவளைத் தூக்கிக்கொண்டு இருக்கிறேன், அதனால் எடுப்பதில்லை. இதை உன்னிடம் விளக்க வேண்டியிருக்கிறதே.

இப்போது வேறு ஒன்று. நேற்று மணிமொழி வந்தாள். போனை நீட்டி "இங்க பாரு செல்லம், சிரி"ன்னாள். கவிநிலா இரண்டு கையாலும் வலது காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். அழுது அழுது வெளியே வரவே இல்லை. எனக்குப் புரிய நேரமானது. அன்று ஆசாரி குத்தும்போது அவள் என் முகத்தைத் தேடியிருக்கிறாள். என் முகம் இருக்க வேண்டிய இடத்தில் அந்தக் கறுப்புப் பெட்டி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் வலித்தது. கேமராதான் காதைக் குத்தும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஆசாரியைத் தெருவில் பார்த்தால் டாட்டா காட்டுகிறாள். போனைப் பார்த்தால் நடுங்குகிறாள். இதில் உன் மேல் வருகிற கோபம் பாதி என் மேலேயே திரும்புகிறது. அதனால் உன் மேல் இன்னும் ஜாஸ்தி வருகிறது.

கடைசியாக, என் மாமியார் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். நம் சித்தப்பா மகன் கோபியும் தாய்மாமன் முறைதானே, மாசி முடிவதற்குள் அவன் மடியில் உட்கார வைத்து மறுகாதைக் குத்திவிடலாம் என்கிறார். அவனிடம் பேசியும் விட்டார். ஆசிரமம் பக்கம் அவன் நடத்துகிற கெஸ்ட் ஹவுஸில் அறை ஒன்றும் காலி இல்லையாம், ஆனாலும் ஒரு மணி நேரம் ஒதுக்கித் தருகிறானாம்.

என் மாமியாரிடம் நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அம்மா அப்பா போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்று இருப்பது நீ ஒருவன். அதுவே எழுந்து நடந்து போய்விட்டால் நான் எதை வைத்துப் பேசுவது?

தென்றல்

*

ஓசூர்
18.2.2025

அக்கா,

கோபியா?

தேய்த்த சட்டை கசங்கிவிடும் என்று எந்தக் குழந்தையையும் தூக்காதவன் மடியிலா? அப்பா காரியத்துக்கு வந்து போனில் ரூம் புக்கிங் பேசிக்கொண்டிருந்தானே, அவனா? ஒரு காது என் மடியில், ஒரு காது அவன் மடியில். நாளைக்கு அந்தப் பெண் கல்யாணத்தில் மாலை எடுத்துக் கொடுக்க யார் நிற்பார்கள்? ஆளுக்குப் பாதியா? உன் மாமியாருக்குத்தான் தெரியாது. நீ எப்படிப் பதில் சொல்லாமல் இருந்தாய்?

என் மேல் கோபம் இருந்தால் என்னைத் திட்டு. கோபியைக் கொண்டுவந்து அடிக்காதே.

அந்தக் காதைப் பொத்துகிற விஷயம். அந்த இடத்தைப் படித்துவிட்டு ஷிஃப்டுக்குப் போனேன். மெஷினை ஓட விட்டுவிட்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றேன் என்று சூப்பர்வைசரிடம் ஏச்சு. அன்று அவள் என் மடியில்தான் இருந்தாள். நான் என்ன பார்த்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? நீ எடுத்தாயா இல்லையா என்று உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மடியில் இருந்த குழந்தையின் முகத்தை நான் குனிந்து பார்க்கவே இல்லை. அவள் உடம்பு திடுக்கென்று தூக்கிப்போட்டதுதான் தெரியும். அது இன்னும் தொடையில் இருக்கிறது.

சனிக்கிழமை அந்தக் கடைக்குப் போனேன். உன் பழைய பாடியைத் திருப்பிக் கேட்டேன். விற்றுவிட்டார்களாம். யாரோ கல்யாண வீடுகளில் படம் எடுக்கிறவர் வாங்கிப் போனாராம். நம்பர் கேட்டேன், கொடுக்க மாட்டோம் என்றார்கள். கடையில் சத்தம் போட்டுவிட்டு வந்தேன். இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளாதே. தகவல் சொல்கிறேன், அவ்வளவுதான். உன் ஞாயிற்றுக்கிழமை விஷயம் எனக்குத் தெரியாது. நீ சொன்னதில்லை. சென்சார், திரை, எடை என்றுதான் சொன்னாய். அதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் எதற்கு மாற்றப் போகிறேன்?

நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். நான் கேட்ட ஒரு வார்த்தை அதில் எங்கும் இல்லை.

இனியன்

*

திருவண்ணாமலை
22.2.2025

இனியா,

வாடா.

எழுதிவிட்டேன். போதுமா? இதற்குமேல் பெரிய எழுத்தில் எழுத என் கையில் தெம்பு இல்லை.

மார்ச் இரண்டாம் தேதி, ஞாயிறு. சிவராத்திரிக் கூட்டம் அதற்குள் வடிந்துவிடும், பஸ் கிடைக்காது என்று சாக்குச் சொல்ல முடியாது. அதே கோயில், அதே ஆசாரி. கோபியைத் தயாராக இருக்கச் சொல்லியிருக்கிறார் என் மாமியார். நீ வராவிட்டால் அவன் உட்காருவான், நான் தடுக்க மாட்டேன். தடுக்க எனக்கு வாய் இருக்காது.

ஒரு நிபந்தனை. அன்று மண்டபத்தில் யாரும் எதையும் எடுக்கக் கூடாது. கேமரா இல்லை, போன் இல்லை. மணிமொழியிடம் சொல்லியாகிவிட்டது, உன் மாமாவிடமும் சொல்லியாகிவிட்டது. "போட்டோ இல்லாத காதுகுத்தா, யாராவது நம்புவாங்களா"னு என் மாமியார் கேட்கிறார். காதில் ஓட்டை இருக்கும், நம்பாதவர்கள் தடவிப் பார்த்துக்கொள்ளட்டும் என்றேன். இந்த முறை என் இரண்டு கையும் அவள் தலையைப் பிடித்துக்கொண்டிருக்கும். அவள் நிமிர்ந்தால் என் மூஞ்சி தெரிய வேண்டும். அது அழுது வடிந்தாலும் என் மூஞ்சியாக இருக்க வேண்டும்.

உன் சுவருக்குப் படம் கிடைக்காது. எனக்குத் தெரிந்துதான் சொல்கிறேன். தெரிந்தே வேண்டாம் என்கிறேன் என்று இன்னொரு கோபம் சேர்த்துக்கொள்.

நான் எழுந்து போடா என்று சொன்னது பெரிய தப்பு. நீ எழுந்து போனது அதைவிடப் பெரிய தப்பு. அக்கா ஆயிரம் சொல்வாள், மடியில் குழந்தை இருக்கும்போது எழுந்துவிடுவாயா? நேரில் வா, மிச்சத்தைச் சொல்கிறேன்.

தென்றல்

*

திருவண்ணாமலை
6.3.2025

இனியா,

இன்னும் பிளாக்கை எடுக்கவில்லை நீ. ஊருக்கு வந்தாய், சாப்பிட்டாய், கோபியிடம் ஒரு வார்த்தை பேசாமல் அவனை முறைத்தே அனுப்பினாய், போனை மட்டும் மறந்துவிட்டாய். எனக்கும் கடிதம் எழுதிப் பழகிவிட்டது. நீ நடுவில் பேச முடியாது என்பது இதில் உள்ள வசதி.

முதலில் உனக்குத் தெரியாத ஒன்று. ஆசாரி வலது காதைப் பிடித்தபோது நீ கண்ணை இறுக்க மூடிக்கொண்டாய். போன தடவை குழந்தையைப் பார்க்கவில்லை என்று எழுதினாயே, இந்தத் தடவையும் பார்க்கவில்லை. ஆனால் உன் தாடை அவள் மொட்டைத் தலைமேல் ஒட்டியிருந்தது. அவள் என்னைப் பார்த்துக்கொண்டே அழுதாள். நீ யாரையும் பார்க்காமல் அழுதாய். என் மாமியார் அதைப் பார்த்தார். அன்றிலிருந்து பால்காரரிடம் கதையை மாற்றிச் சொல்கிறார்.

சாப்பாடு ஆனதும் நீ பையைக் கட்டிக்கொண்டிருந்தாய். கவிநிலா கட்டிலுக்கு அடியிலிருந்து அந்தப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள். எனக்குத் திக்கென்றது. "ரெண்டு காதும் ஆயிடுச்சி"ன்னாள், அவளாகவே. இனி அதனால் தன்னை ஒன்றும் செய்ய முடியாது என்று முடிவு செய்துவிட்டாள் போல. பிரித்துத் தரச் சொன்னாள். நீ பிரித்து, ஆன் செய்து, கட்டிலில் தலையணைமேல் வைத்தாய். அவள் அதற்குப் பின்னால் மண்டியிட்டு, உன் பக்கம் திருப்பி, மூக்கை வைத்து அழுத்திக்கொண்டு சொன்னாளே:

"மாமா, காதக் காட்டு. வலிக்காது."

அவள் பட்டனை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. நான் அந்த டைமரை இன்னும் அணைக்கவில்லை. பெட்டியையே திறக்காதவள் எங்கே அணைப்பது? அவள் தலையைத் தூக்கி "காட்டு மாமா"னு மறுபடி அதட்டினாள். நீ காதைப் பொத்திக்கொண்டு "வேணாம்மா, வுட்டுடுமா"னு பின்னால் நகர்ந்தாய். அப்போதுதான் 'டக்' என்றது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நீ ஓடிவிட்டாய். அது படமாக விழுந்ததா என்றுகூடப் பார்க்கவில்லை.

நீ போன அன்று இரவே பார்த்தேன். இதோடு ஒரு பிரதி வைத்திருக்கிறேன், உன் சுவருக்கு. கீழ்ப்பாதி முழுக்கத் தலையணை. சட்டம் சாய்ந்திருக்கிறது. நடுவில் நீ, ஒரு கையால் வலது காதைப் பொத்திக்கொண்டு, வாய் கொள்ளாமல் சிரிக்கிறாய். ஜன்னல் சாத்தியிருந்த அந்த அறையில், அழுத்தியது மூன்று வயசுக் குழந்தை, ஆனாலும் உன் கண் இரண்டும் கழுவிவிட்ட மாதிரி தெளிவாக இருக்கிறது. இமையில் ஈரம்கூடத் தெரிகிறது. ரவை தூவவில்லை. உன் பூதம் முகத்துக்கு நல்லதுதான். இதை ஒரு தடவைதான் எழுதுவேன், இந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்.

அதனால் அது இங்கேயே இருக்கட்டும். உன் மாமா கையில் கொடுத்துவிட்டேன், வீட்டில் நடப்பதை அவர் எடுக்கட்டும். நீ வந்தால் மலையை எடுத்துக்கொள், எடுத்து முடித்ததும் டைமரை அணைத்துவிட்டு வை.

என் சண்டை முடியவில்லை. என் ஞாயிற்றுக்கிழமையை நீ இன்னும் திருப்பித் தரவில்லை. பங்குனியில் பரீட்சைப் பேப்பர் திருத்தி முடித்ததும் என் மேக்ரோ லென்ஸைப் பையில் போட்டுக்கொண்டு ஓசூருக்கு வருகிறேன். அந்தக் கடைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போ. நான் உள்ளே போய், லென்ஸை மாட்டிப் பார்த்து, தரையில் குந்திப் பார்த்து, எனக்கு எது வேண்டுமோ அதை வாங்கிக்கொள்வேன். நீ வெளியே நின்று டீ குடி. உள்ளே எட்டிப் பார்த்தால் கடையிலேயே கத்துவேன், எனக்கு வெட்கம் கிடையாது.

இன்னொரு பிரதி போட்டுச் சட்டம் கட்டியிருக்கிறேன். ஹாலில் ஆணி ஒன்றுதான் இருக்கிறது. சிலந்தியைக் கழற்றிப் படுக்கையறைக்குக் கொண்டுபோய்விட்டு அந்த ஆணியில் உன்னை மாட்டிவிட்டேன். உள்ளே வருகிறவர்கள் எல்லாம் இவர் ஏன் காதைப் பொத்திக்கொண்டிருக்கிறார் என்று கேட்கிறார்கள்.

பதில் கவிநிலாதான் சொல்கிறாள். காலையில் எழுந்ததும் அதன் முன்னால் போய் நின்று, நீ பொத்தாமல் விட்ட இடது காதைக் காட்டி, "மாமாக்கு ஒண்ணு ஆயிடுச்சி. ஒண்ணு பாக்கி"ன்னு.

தென்றல்